குறி தவறிய பின்

(மதுரையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆல்டோ லியோபோல்ட் ஒரு மானைத் தவறவிட்ட கதையிலிருந்து தொடங்குகிறேன். லியோபோல்ட் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பேராசிரியராக இருந்தவர். காட்டுயிர் மேலாண்மையை ஒரு படிப்பாகவே நிலைநிறுத்தியவர்களில் முதல்வர். 1948இல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'எ சேண்ட் கவுண்டி அல்மனாக்' என்ற கட்டுரைத் தொகுதியால்தான் உலகம் அவரை அறிகிறது.

அதில் மெக்சிகோவின் சிவாவா மலைகளில், கவிலான் ஆற்றோரம் வில்லும் கையுமாகத் திரிந்ததைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அந்தச் சரிவுகளில் பழங்குடிகள் என்றோ கல்லடுக்கி மண் நிரப்பிய தோட்டங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அப்படி ஒரு கல்சுவருக்கு மேலே ஓக் மரம் ஒன்று வளர்ந்து நிற்கிறது. அதன் நிழலில் ஒரு கலைமான் வந்து படுக்கும். லியோபோல்ட் ஒருநாள் ஓசைப்படாமல் அதை நெருங்கிவிடுகிறார். வில்லை வேண்டிய அளவுக்குமேல் இழுத்துவிடுகிறார். அம்பு அந்தப் பழைய கல்லில் பட்டுச் சிதறுகிறது. மான் வெள்ளை வாலை ஆட்டிக்கொண்டு மலையிறங்கிப் போய்விடுகிறது. தவறியதும் பொருத்தம்தான் என்று எழுதுகிறார் அவர். நாளைக்குத் தன் தோட்டத்திலும் ஓக் வளரும், மான் படுக்கும், யாரோ ஒருவன் வந்து குறி தவறி, இந்தச் சுவரைக் கட்டியது யாரோ என்று யோசித்து நிற்பான் என்று அவர் எண்ணம் போகிறது.

வேட்டை பற்றிய எழுத்தில் இவ்வளவு அழகாக எவரும் குறி தவறியதில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. அம்பு கல்லில் உடைந்தது. துண்டுகள் அவர் கண்முன் கிடந்தன. மானுக்கு ஒரு கீறலும் இல்லை என்று அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தத்துவம் பேச அவருக்கு மனம் வந்தது அதனால்தான். பெரும்பாலான வேட்டைக்காரர்களுக்கு அந்த நிச்சயம் கிடைப்பதில்லை. அம்பு எங்கே போனது என்றே தெரியாமல், கை நடுங்க, மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன்.

நான் விஸ்கான்சினில் குடியேறி, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் வில்வேட்டையைக் கற்றவன். மேலே போகுமுன் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது குற்றமாகவே இருக்கவேண்டும் என்பது என் கருத்தும்கூட. அமெரிக்காவின் கதை வேறு. சந்தைக்காகக் கொன்று குவித்ததில், 1900 வாக்கில் அங்கே வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம்கூட மிஞ்சவில்லை என்பது மதிப்பீடு. சட்டம் வந்தது, பருவம் வகுத்தார்கள், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். இன்று ஏறத்தாழ மூன்று கோடி மான்கள். ஓநாயும் பூமாவும் பெரும்பாலான இடங்களில் அற்றுப்போய்விட்டதால், மான்கள் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்க்கின்றன. சாலையில் கார்களில் மோதிச் சாகின்றன. உரிமக் கட்டணத்திலும், வில்லும் துப்பாக்கியும் வாங்குபவர்களிடம் வசூலாகும் தனி வரியிலும்தான் அங்கே காட்டுயிர்த் துறைகள் பெரிதும் நடக்கின்றன. வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இதற்குமேல் நான் எடுக்கப்போவதில்லை. இந்த அவையில் சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். அது நியாயமான சங்கடம். அதைக் கைவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சங்கடம் நமக்குப் பழையது. தசரதன் இருட்டில் ஓசையை மட்டும் நம்பி எய்தான். யானை நீர் குடிக்கிறது என்று நினைத்தான். விழுந்தது, கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் முகக்க வந்த பிள்ளை. பாண்டு எய்த மான், மான் வடிவெடுத்த முனிவர். கண்ணன் மரத்தடியில் சாய்ந்திருக்க, அவன் பாதத்தை மானென்று எண்ணி எய்தான் ஒரு வேடன். மூன்றிலும் அம்பு குறி தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். படாமல் போன அம்புக்காக நம் காவியங்கள் அழவில்லை. படக்கூடாத இடத்தில் பட்ட அம்புக்காகத்தான் தலைமுறை தலைமுறையாகச் சாபம் சுமக்கின்றன. வள்ளுவர் படைச்செருக்கில், முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தப்பவிட்ட வேலே மேல் என்கிறாரே என்று கேட்பீர்கள். அது போர்க்களத்து நியாயம். அதை மான் வேட்டைக்குக் கொண்டுவந்தால் கேடு. பெரிய கொம்பு, தொலைவான குறி என்று ஆசைப்படுவதில்தான் அங்கே பாதித் துன்பம் விளைகிறது.

தூரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியவைத்தது இஷியின் கதை. 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே, பசியில் வாடி ஒரு மனிதர் தனியாக வந்து நின்றார். யாஹி இனத்தை வெள்ளைக் குடியேறிகள் கொன்று ஒழித்தபின் மிஞ்சிய கடைசி ஆள். ஆல்பிரட் குரோபர், தாமஸ் வாட்டர்மேன் என்ற மானிடவியலாளர்கள் அவரைச் சான்பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்து, இஷி என்று அழைத்தார்கள். பக்கத்திலேயே மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் வைத்தியம் பார்க்கப் போய், கடைசியில் இஷியிடம் வில்லுக்கு மாணவராகிவிட்டார். 1916இல் இஷி காசநோயில் இறந்தார். அந்த மனிதருக்கு நாகரிகம் கொடுத்த பரிசு அதுதான். போப் தான் கற்றதை 1923இல் நூலாக எழுதினார். போப், அவர் நண்பர் ஆர்ட் யங், இருவரும் போட்ட தடத்தில்தான் இன்றைய அமெரிக்க வில்வேட்டை நடக்கிறது. 1961இல் தொடங்கிய வில்வேட்டைக்காரர் சங்கம் அந்த இருவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

போப் எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி ஒன்று. வண்ண வட்டம் வரைந்த பெரிய இலக்குப் பலகையைத் தொலைவில் வைத்து எய்யச் சொன்னால் இஷி சுமார்தான். போட்டி வில்லாளிகள் அவரை எளிதாக வென்றுவிடுவார்கள். ஆனால் சின்னக் குறியாக, குறைந்த தூரத்தில் வைத்தால் அவர் கை வேறு கை. குந்தி உட்கார்ந்து எய்வார். வேட்டைக்கு முந்திய நாள் மீன் தின்னமாட்டார், புகை பிடிக்கமாட்டார், வாசம் காட்டிக்கொடுத்துவிடும். உதட்டருகே விரலை வைத்து முத்தமிடுவதுபோல் ஒலியெழுப்பி முயலை அருகே வரவழைப்பார். அவருடைய திறமையெல்லாம் நாணை விடுவதற்கு முன்பே செலவாகிவிடும். தொலைவில் நின்று எய்வதைவிட அருகில் போய்ச் சேர்வதுதான் அவருக்கு வேட்டை.

இன்று கடையில் கிடைக்கும் காம்பவுண்டு வில் இந்தப் பாடத்தை மறக்கச் செய்கிறது. மிசௌரிக்காரரான வில்பர் ஆலன் 1960களில் வடிவமைத்து, 1969இல் காப்புரிமை பெற்ற வில் அது. இரு முனைகளிலும் கப்பி. முழுதாக இழுத்தபின் பளுவில் பெரும்பங்கைக் கப்பியே வாங்கிக்கொள்ளும். 60 பவுண்டு வில்லைக் கையில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு கனம் மட்டும் தெரிய நிறுத்திவைக்கலாம். குறி பார்க்க முள் வைத்த சைட், தூரம் சொல்ல லேசர் கருவி, நாணை விட விசை வைத்த கொக்கி. ஒரு மாதத்தில் ஒருவன் 50 கஜத்தில் பலகையை அடிக்கப் பழகிவிடலாம். பலகை நகராது, பலகைக்குக் காது கிடையாது. வினை அங்கேதான் பிறக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கஜம் என்பது மூன்றடி. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,100 அடி போகும். நல்ல காம்பவுண்டு வில்லின் அம்பு 270 அடி. நாண் 'டப்' என்று அடிக்கும் ஓசை அம்பை முந்திக்கொண்டு மானிடம் போய்ச் சேர்ந்துவிடும். 20 கஜத்தில் ஓசை போய்ச் சேர்ந்து சுமார் 0.17 நொடி கழித்து அம்பு வரும். 40 கஜத்தில் அந்த இடைவெளி இரட்டிப்பாகி 0.34 நொடி. ஓசை கேட்டுத் திடுக்கிட்டு உடல் அசையத் தொடங்கப் பத்தில் ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கஜத்தில் மீதி 0.07 நொடி. 40 கஜத்தில் மீதி 0.24 நொடி.

இந்த நேரத்தில் மான் என்ன செய்கிறது? அம்பைக் கண்டு குனிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அம்பை அது பார்க்கவே இல்லை. பாய்வதற்குக் காலை மடக்குகிறது, அவ்வளவுதான். காலை மடக்கியதும் உடல் கீழே விழுகிறது. புவியீர்ப்பில் விழும் எந்தப் பொருளும் 0.07 நொடியில் ஒரு அங்குலத்துக்குள் இறங்கும். 0.24 நொடியில் பதினோரு அங்குலம் இறங்கும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி எட்டு முதல் பத்து அங்குல வட்டம். அதன் நடுவில் சரியாகக் குறிவைத்து, சரியாக விட்ட அம்பு, 40 கஜத்தில் முதுகுக்கு மேலே பறந்துபோகும். அல்லது, இது இன்னும் மோசம், முதுகெலும்புக்குச் சற்று மேலே சதையைக் கிழித்துக்கொண்டு போகும். எய்தவன் கையில் பிழையே இல்லை. ஆனாலும் தவறியது. சைட்டைத் திருகித் திருகி வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லத் தோன்றும்.

எல்லா மானும் இப்படிக் குனிவதில்லை. தலை தாழ்த்தி நிம்மதியாக மேய்கிற மான் பெரும்பாலும் அசையாது. காதை விறைத்து, முன்காலால் தரையைத் தட்டுகிற மான் குனிய வாய்ப்பு அதிகம். அதனால் அனுபவஸ்தர்கள், விழித்துக்கொண்ட மானை எய்வதே இல்லை. நடந்துபோகும் மானை நிறுத்த வாயால் 'மே' என்று குரல் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நிற்கும், ஆனால் விழித்துக்கொண்டு நிற்கும். எதைப் பெற்று எதை இழக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கவேண்டிய உத்தி.

தூரத்தைத் தப்பாகக் கணிப்பது அடுத்த காரணம். 30 கஜத்தில் நிற்கும் மானை 20 என்று நினைத்து எய்தால், வில்லின் வேகத்தைப் பொறுத்து அம்பு ஐந்து அங்குலத்திலிருந்து ஓர் அடிக்கும் மேலாகத் தாழ்ந்து போகும். பரணிலிருந்து எய்யும்போது இன்னொரு குழப்பம். அமெரிக்காவில் பெரும்பாலோர் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்துதான் வேட்டையாடுவார்கள். மேலிருந்து மானுக்குச் சாய்வாக அளந்த தூரத்தைக் கணக்கில் வைத்தால் அம்பு உயரப் போய்விடும். மரத்தடியிலிருந்து மானுக்குள்ள கிடைத்தூரமே கணக்கு. இடுப்பை வளைக்காமல் கையை மட்டும் தாழ்த்தினால் இழுவையே மாறிப்போகும். பரணிலிருந்து விழுவதுதான் இந்த வேட்டையில் உயிருக்கு வரும் பெரிய ஆபத்து என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். முழு உடலையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏறுகிறவனோடு நான் போகமாட்டேன். பிறகு, கண்ணுக்குத் தெரியாத சுள்ளி. அம்பு அதில் உரசினால் போதும், வேறு திசை.

இதெல்லாம் வெளிக்காரணம். உள்ளே இருப்பது பெரியது.

ஆண்டு முழுவதும் பலகையில் ஒரே இடத்தில் அம்பு நட்டவன், கலைமானைக் கண்டதும் வில்லை இழுக்கவே மறந்து நிற்பான். 'பக் ஃபீவர்' என்று அதற்குப் பெயர். மூச்சு முட்டும், கால் நடுங்கும், கண் கொம்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கண் போன இடத்துக்கு அம்பும் போகும். முழு மானைப் பார்த்து எய்தால் மானின்மேல் எங்கே வேண்டுமானாலும் படும், அல்லது எங்கும் படாது. முன்காலுக்குப் பின்னால் ஒரே ஒரு மயிரைத் தேர்ந்துகொள் என்று கிழவர்கள் சொல்வார்கள். கேட்கும்போது எளிது.

பக் ஃபீவர் சில மான்களைப் பார்த்ததும் தணிந்துவிடும். அதைவிடப் பிடிவாதமானது 'டார்கெட் பேனிக்'. இது புதியவனைவிடப் பழகியவனைத்தான் பிடிக்கும். முள் குறியை நெருங்கும்போதே, அது அங்கே போய்ச் சேர்வதற்குள், விரல் விசையைத் தட்டிவிடும். அல்லது முள் குறிக்குக் கீழேயே உறைந்து நிற்கும், மேலேற்ற முடியாது. பட்டாசுத் திரியில் நெருப்பு வைத்தவன் வெடிக்குமுன்பே முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே, அப்படி, வரப்போவதை எதிர்பார்த்து உடல் முந்திக்கொள்கிறது. ஒலிம்பிக் தரத்து வில்லாளிகளையும் இது விட்டதில்லை.

இதற்கு மருந்து மிகவும் சலிப்பானது. வைக்கோல் கட்டுக்கு முன்னால் நாலைந்து கஜத்தில் நின்று, குறியே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு எய்யவேண்டும். எங்கே படுகிறது என்ற கேள்வியையே எடுத்துவிட்டு, இழுப்பதையும் விடுவதையும் மட்டும் உடலுக்குத் திரும்பக் கற்பிப்பது. விசையை விரலால் தட்டாமல், முதுகுத் தசையை மெல்ல இறுக்கி, அம்பு எப்போது கிளம்பும் என்று தனக்கே தெரியாதபடி விடப் பழகுவது. வாரக்கணக்கில் இதையே செய்யவேண்டும். புது வில் வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களால் கடைக்காரர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

பயிற்சிக்கு என்று ஒரு நல்ல சோதனை உண்டு. விருந்துக்குப் பயன்படும் காகிதத் தட்டு ஒன்பது அங்குலம். எந்தத் தூரத்தில் எல்லா அம்பும் தட்டுக்குள் படுகிறதோ, அதுதான் உன் தூரம். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. முப்பது அம்பு எய்து கை சூடானபின் எய்வதை எண்ணக்கூடாது. காலையில் எழுந்து, குளிர்ச்சட்டையை மாட்டி, கை விறைத்திருக்கும்போது எய்யும் முதல் அம்பை மட்டும் எண்ணவேண்டும். காட்டில் உனக்குக் கிடைப்பது அந்த ஒன்று மட்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் 50 கஜ வீரர்கள் பலர் 25 கஜத்துக்கு இறங்கிவிடுவார்கள். பழைய ஆட்களை நினைத்துப் பாருங்கள். லியோபோல்ட் தாமே மரம் செதுக்கி வில் செய்தவர். விஸ்கான்சினில் 1934இல் மானுக்கு வில்வேட்டைப் பருவம் தொடங்கியபோது களத்திலிருந்த தலைமுறைக்கு லேசரும் கப்பியும் கிடையாது. கிட்டே போவதைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அம்பு போய்விட்டது. மானும் போய்விட்டது. தவறிவிட்டது என்று எய்தவன் சொல்கிறான். அவனுக்கு எப்படித் தெரியும்?

கால் நொடியில் நடந்து முடிந்த ஒன்று. படபடப்பில் கண் என்ன பார்த்தது என்று மனம் பிறகுதான் கதை கட்டுகிறது. தவறிவிட்டது என்பது வெட்கமான கதைதான். ஆனால் வசதியான கதையும்கூட. இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். 'நான் தவறவிட்டேன்' என்று வந்து சொன்ன ஆளோடு போய்ப் பார்த்து, நூறு கஜத்துக்குள் மான் இறந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். சரியாக நுரையீரலில் பட்ட மான் சில வேளை ஒன்றுமே நடக்காததுபோல் துள்ளி ஓடும். கூர்மையான அலகு ஊடுருவி மறுபக்கம் போய்விட்டால் வலி உறைக்குமுன் அது நூறு கஜம் கடந்துவிடும். தவறிய அம்பு என்று நினைத்து விட்டுவந்த மான் ஒரு புதருக்குள் வீணாய்ப் போவதைவிடக் கேவலமான வேட்டை கிடையாது.

ஆகவே முதல் வேலை, அசையாமல் உட்காருவது. மான் கடைசியாக நின்ற இடத்தில் ஒரு மரத்தை, ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளவேண்டும். மறைந்த திசையைக் காதால் தொடரவேண்டும்; சருகு நொறுங்கும் ஓசை சட்டென்று நின்றால் அதற்கு அர்த்தம் உண்டு. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அரைமணி நேரமாவது பரணை விட்டு இறங்கக்கூடாது. பிறகு அம்பைத் தேடவேண்டும். அம்பு எல்லாவற்றையும் சொல்லும். தண்டு காய்ந்து, இறகு சுத்தமாக, மண் மட்டும் ஒட்டியிருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக நுரை கட்டிய இரத்தம் என்றால் நுரையீரல். மான் அருகில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்கவேண்டும். பச்சையாகப் பிசுபிசுத்து, முகர்ந்தால் நாறினால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவைக்கவேண்டும். உடனே துரத்தினால் அது மைல்கணக்கில் ஓடிக் கண்காணாத இடத்தில் சாகும். விட்டுவைத்தால் பக்கத்திலேயே எங்காவது படுத்துக்கொள்ளும். தேடிப்போகத் துடிக்கும் மனதை அடக்கிக்கொண்டு, ஒரு பிராணி வேதனையில் கிடக்கிறது என்று தெரிந்தே, இரவெல்லாம் விழித்திருப்பதைப் போன்ற தண்டனை வேறில்லை. ஆனால் அதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

அம்பு சுத்தமாக இருந்தாலும் விடக்கூடாது. தண்டை விரலால் வழித்துப் பார்த்தால் சில சமயம் கொழுப்பு பிசுக்கும். நின்ற இடத்தில் வெட்டுண்ட மயிர் கிடக்கலாம். வெள்ளையாக இருந்தால் வயிற்றுப் பக்கம். ஓடிய தடத்தில் இருநூறு கஜமாவது இலை இலையாகப் பார்த்துப் போகவேண்டும். குனிந்து, மண்டியிட்டு, ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைப் போட்டுக்கொண்டே. தடம் அறுந்துபோனால் கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு தேட உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். பல மாநிலங்களில் அதற்கு அனுமதி உண்டு. தடம் பக்கத்து நிலத்துக்குள் போனால், நள்ளிரவானாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்கவேண்டும். வேட்டைக்காரனைப் பார்க்க அரங்கு நிறைந்த கூட்டம் கிடையாது, அவன் நடத்தைக்கு அவனே சாட்சி என்று லியோபோல்ட் வேறொரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் அவரோடு எனக்கு வழக்கு இல்லை.

தேடி முடித்து, ஒன்றுமில்லை, உண்மையாகவே தவறிவிட்டது என்று தெரிந்தபின் வருவது துக்கமா, அவமானமா? இரண்டும்தான். சிலர் வில்லைத் தொடவே மாட்டேன் என்பார்கள். சிலர் வில்லின்மேல் பழி போடுவார்கள். இருவருக்கும் ஒரே ஒரு யோசனை. அடுத்த நாள் அதே உடையில், அதே உயரத்திலிருந்து, அதே தூரத்தில், ஒரே ஒரு அம்பு பலகையில் எய்து பாருங்கள். சரியாகப் பட்டால் வில்லில் குறையில்லை. தூரக் கணிப்பு, மானின் விழிப்பு, விரல், இவற்றில் ஒன்று. விலகிப் பட்டால் பரணில் ஏற்றும்போது சைட் எங்காவது இடித்திருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் மனதிலுள்ள பாரம் பாதி இறங்கிவிடும். காரணம் தெரியாமல், 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று திரும்பப் பரண் ஏறுவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

காயப்பட்டு, தேடியும் கிடைக்காமல் போனால்? அதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. வழிகாட்டிகளோடு போகும் பல வேட்டைகளில், இரத்தம் சிந்திவிட்டால் உரிமம் தீர்ந்ததாகவே கணக்கு. சட்டம் கேட்காவிட்டாலும் அந்தக் கணக்கைத் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு வில்லைச் சுவரில் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம்.

சுத்தமாகத் தவறியவர்களுக்கு அமெரிக்க வேட்டைக் குடில்களில் வேறொரு சடங்கு இருக்கிறது. மாலையில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, குறி தவறியவனைப் பிடித்து நிறுத்தி, அவன் சட்டையின் பின்வாலைக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். அந்தத் துணியில் பெயரும் தேதியும் எழுதி உத்தரத்தில் ஆணியடித்து வைப்பார்கள். பழைய குடில்களில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சட்டைவால்கள் வரிசையாகத் தொங்கும். புதிதாக வந்து அன்று மானைத் தவறவிட்ட பையன் அண்ணாந்து பார்த்தால், தனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பெயரே அங்கே இரண்டு துணியில் இருக்கும். கேலிதான், ஆனால் மனநல மருத்துவரிடம் போனாலும் அவ்வளவு சீக்கிரம் தேறமாட்டான். அந்தச் சடங்கில் எனக்கு ஒரே ஒரு குறை. பெயரும் தேதியும் எழுதுகிறார்களே, எத்தனை கஜத்திலிருந்து எய்தான் என்பதையும் அந்தத் துணியில் எழுதச் சொல்வேன்.